மாரி முடிந்த வளவில்

மட்டக்களப்பில் ஐப்பசியில் பிடிக்கிற மழை தை பிறக்கும்வரை முழுதாக ஓய்வதில்லை. அந்த மாதங்களில் செவ்வரத்தை கூரையை எட்டும். நந்தியாவட்டை கிணற்றுக்கட்டில் சாயும். வேலிக் கதியால்கள் தழைத்து ஒழுங்கையைப் பாதி மறைக்கும். பொங்கல் கழிந்ததும் வளவு வெட்ட ஆள் தேடாத வீடு குறைவு. அப்படி ஒரு தையில் வேலைக்குப் புறப்பட்ட இருவரோடு கல்லடிக்கும் ஆரையம்பதிக்கும் நானும் போனேன். மூத்தவர் அறுபதை நெருங்குகிறவர். இளையவர் அவருடைய தங்கை மகன். மாமாவிடம் தொழில் பழகுகிறார்.

கிளை வெட்டும் கத்தரி இரண்டு, ஒரு கைவாள், நீண்ட தடியில் கட்டிய வளைகத்தி, பழைய சீலைத் துண்டு, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், கொஞ்சம் ஸ்பிரிட். சைக்கிளில் இருந்த சாமான் இவ்வளவுதான். இந்த ஊர்கள் இருக்கும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற மணல் நிலம். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து எண்ணெய் பூசிவிட்டுத்தான் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். நோய்ப்பட்ட கிளையை வெட்டினால் அடுத்த செடியைத் தொடுமுன் ஸ்பிரிட்டால் ஒரு துடை.

முதல் வீட்டில் செவ்வரத்தை. பெரியவர் கத்தரியை எடுக்கவில்லை. ஒரு கம்பால் செடியின் அடியைத் தட்டினார், புடையன் பாம்பு கிடந்தால் விலகட்டும் என்று. முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு செடியைச் சுற்றி மெல்ல நடந்தார்.

“முதல்ல செத்த கொப்பு. மறுகா நோய் பிடிச்சது. மறுகா ஒண்டோட ஒண்டு உரசுறது. இந்த மூண்டையும் எடுத்துப்போட்டுப் பாரு மனே, பாதி வேல முடிஞ்சிரும்” என்றார்.

அப்படியே நடந்தது. மிச்சக் கொப்புகளை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக வெட்டினார். கணு உள்ளே பார்த்திருந்தால் துளிர் செடிக்குள்ளேயே போய் அடைந்துகொள்ளும். செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும்; ஆகவே சரியான வெட்டு பூவைக் கூட்டும். ஆனாலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் எடுக்கவில்லை. தடித்த கிளையில் இளையவர் வாளை முதலில் கீழ்ப்புறம் கொஞ்சம் இழுத்தார், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தார். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழுகிற கிளை அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கடைசியில் எஞ்சிய குச்சியை, அடியில் திரண்டிருக்கும் வளையத்தைத் தொடாமல் எடுத்தார். காயத்தை மூடுகிற திசு அங்கிருந்துதான் வளரும்.

ஏன் தையில்? மண்ணில் ஈரம் இருக்கிறது, அடைமழை இல்லை, வெட்டுவாய் அழுகாது. இப்போது விடும் துளிர் கச்சான் காற்று வீசத் தொடங்குமுன் முற்றிவிடும். தமிழ்நாட்டில் மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்துச் செய்யச் சொல்கிறார்கள். இங்கே நவம்பரில் வளவுக்குள் தண்ணீர் நிற்கும். கவாத்துக்கு நாள் குறிப்பது அந்தந்த ஊரின் மழைதான்.

அடுத்த வளவில் வெட்சி வரிசை. பாசிக்குடா ஹோட்டல்களில் இருப்பதுபோல மேலே தட்டையாக, சதுரமாக வேண்டும் என்றார் வீட்டுக்கார அம்மா.

“அக்கா, பூ வேணுமா, சதுரம் வேணுமா?” என்று கேட்டார் பெரியவர்.

வெட்சி கொப்பு நுனியில் பூப்பது. மாதாமாதம் நுனியைச் சீவினால் மொட்டுத்தான் போகும்; வெளியே இலை மூடி, உள்ளே வெறும் குச்சி நிற்கும். அந்த அம்மா பூவைக் கேட்டார். சதுர வேலியே வேண்டுமென்றால் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் கீழ் இலைக்கு வெயில் படாமல் அடி மொட்டையாகிவிடும். புது மதிலோரம் நின்ற இரண்டு செடிகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகி இருந்தன. சீமெந்துச் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியதால் வேருக்கு இரும்புச்சத்து எட்டவில்லை. அவற்றை அவர் வெட்டவில்லை. இடம் மாற்றி மாட்டெரு போடச் சொன்னார்.

அலரிக் குழையைத் தனியாகக் குவித்தார்கள். அது ஆட்டுக்குப் போகக் கூடாது; எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. கூலிக்கு வருகிற ஆள் இதைத் தெரிந்தவராக இருப்பது ஒரு வீட்டின் உயிர்க் காரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது மண்முனைப் பாலம் கடந்து, வாவியின் மறுகரையான படுவான்கரையில் பார்த்த வேலிகள். சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் கதியாலாகவே நிற்கின்றன. மாரி தொடங்கும்போது நட்ட தடி வேர்விட்டு, வெட்ட வெட்டத் தழைக்கும். அந்தக் குழை ஆட்டுக்கும், தென்னையடிக்கும், வயலுக்கும் போகிறது. 2005இல் இலங்கை அரசு சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றது. மட்டக்களப்பு வழமையில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். அதனால் எந்தக் கதியாலை எந்த உயரத்தில் வெட்டுவது என்று அங்கே முடிவு சொன்னவர்கள் பெண்கள். எழுவான்கரையில் இந்த வேலிகளின் இடத்தில் மதில் எழுகிறது. மதில் ஆட்டுக்குக் குழை தராது, மண்ணுக்கு உரமும் தராது. இதை இழப்பு என்றே சொல்வேன்.

இவ்வளவும் அறிந்தவருக்கு இங்கே கொடுப்பது புல்லுச் செருக்குகிற கூலி. இளையவர் கட்டட வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறார். மாமாவுக்கு அது தெரியும். அடுத்த தையில் வளவு வெட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள், “எல்லாத்தையும் கட்டையாக வெட்டிவிடுங்கோ” என்று சொல்லாமல், எதை எங்கே வெட்டலாம் என்று வருகிறவரிடமே முதலில் கேளுங்கள். செடியைச் சுற்றி அவர் நடக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.