பச்சைப் பின்னணியில் ஒரு பெண்

சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெரு கோல்டன் கேட் பூங்காவைத் தொடும் முனைக்கு அருகே, ஒருகாலத்தில் பௌலிங் விளையாட்டுக் கூடமாக இருந்த பெருங்கட்டடத்தில், 1997 முதல் அமீபா மியூசிக் என்னும் இசைத்தட்டுக் கடை இயங்கிவருகிறது. இத்தகைய கடைகளை நாடும் பயணிகளுள் ஒருசாரார், இசையைவிட அதைப் பொதிந்துவைத்த உறைக்காகவே தட்டுகளை வாங்குபவர்கள். பிறர் ஒதுக்கிய மலிவு விலைப் பெட்டிகளே அவர்களுக்குப் புதையல்.

1930களின் இறுதிவரை, இசைத்தட்டுகள் பெரும்பாலும் தலைப்பு மட்டும் அச்சிட்ட வெற்று அட்டைகளிலேயே விற்கப்பட்டன. கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய இளம் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அந்த அட்டையில் ஓவியத்தைக் கொண்டுவந்தார். 1948இல் அதே நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டான எல்பியை வெளியிட்டதும், ஏறத்தாழ ஓரடிச் சதுர அட்டை உறை ஓவியர்களுக்கு வாய்த்தது. வாடிக்கையாளரே அடுக்குகளைப் புரட்டி எடுக்கும் வழக்கம் பரவியபோது, கேட்டிராத இசையை விற்கும் பொறுப்பு முழுவதும் படத்தின்மேல் விழுந்தது. உறைப் படங்களின் மிகைக்குக் காரணம் இதுவே.

ஹெர்ப் ஆல்பர்ட் 1965இல் வெளியிட்ட 'விப்டு க்ரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்' அம்மிகையின் உச்சம். பச்சைப் பின்னணியில், உடல் முழுதும் வெண்ணிறப் பாலேட்டு நுரையில் மூழ்கிய பெண்ணொருத்தி, விரல்நுனி நுரையை உதட்டருகே ஏந்தியபடி நேராகப் பார்க்கிறாள். படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் உண்மையான பாலேடு உருகிவிடும் என்பதால், மாடல் டோலரஸ் எரிக்சன் மீது பூசப்பட்டதில் பெரும்பகுதி சவர நுரையே. அப்போது அவர் கருவுற்றும் இருந்தார். உள்ளே இருப்பதோ, உணவுப் பெயர்களைத் தாங்கிய துள்ளலான டிரம்பெட் இசை.

மார்ட்டின் டென்னியின் 'எக்ஸாட்டிகா' (1957) வேறுவகை. ஹவாய்த் தீவின் கனவை விற்ற அவ்வுறையில் மூங்கில் திரைக்குப் பின்னிருந்து நோக்குபவர், அமெரிக்க மாடல் சாண்டி வார்னர். தீவு மக்களைக் கற்பனைப் பண்டமாக்கும் குறை இதில் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும், புறநகர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே தொலைதூரக் கடற்கரையைக் காண ஏங்கிய ஒரு தலைமுறையின் ஆசையை, இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் அரிது. பிற்காலத்தின் தேர்ந்த வடிவமைப்புகளில் இந்தக் கூச்சமின்மை கிடைப்பதில்லை.

தட்டின் விளிம்பு உள்ளிருந்து அழுத்தியதால் உறைமேல் படியும் வட்டத் தழும்பும், மூலையில் முதல் உரிமையாளர் பேனாவால் எழுதிய பெயரும் விலையைக் குறைப்பவை. உறை சேகரிப்பவர்க்கோ அவை படத்தின் பகுதி. ஆல்பர்ட்டின் தட்டு பல லட்சக்கணக்கில் விற்றதால், இச்சேகரிப்பில் புதிதாக இறங்குவோர் அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளில் அதைத் தேடி அதிகம் அலைய வேண்டியிராது.