உரசின தடம்

பம்புசெட் மோட்டாரைக் குறுக்கே அறுத்தாற்போல் கணினியில் வரைந்து ஃபெம் மென்பொருளில் ஓடவிட்டேன். டேவிட் மீக்கர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருப்பது அது. படத்தை முக்கோணங்களாக நறுக்கிக்கொண்டு காந்தப்புலத்தைக் கணக்கிடும். இரும்பின் காந்தத் தெவிட்டு நிலையையும் சேர்த்து இப்படிக் கணக்கிட வழி காட்டியது, 1970-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் எழுதிய கட்டுரை.

இரும்பில் முக்கோணங்கள் பெரிது பெரிதாக விழுந்திருந்தன. அசையாத ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டாருக்கும் நடுவே, அரை மில்லிமீட்டர்கூட வராத காற்றில் மட்டும் கடுகைக் கொட்டினது போல அத்தனை நெருக்கம். வெறும் காற்றுக்கா இவ்வளவு கணக்கு? ஆம். கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்த வலுவில் பெரும்பங்கு இந்தக் காற்றைத் தாண்டத்தான் செலவாகிறது. ரோட்டாரைச் சுற்றவைக்கும் விசையும் இங்கேதான் பிறக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில், சீனிவாசப் பெருமாள் குன்றுக்குச் சற்றுத் தள்ளி மாமாவின் தென்னந்தோப்பு. அந்த நாளில் கிணற்று மோட்டார் புகைந்தால் ராஜபாளையத்து வைண்டிங் கடைக்குப் போகும்; நானும் கூடப் போவேன். கருகிய வார்னிஷ் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சி பழைய கம்பியை உருவி, சுற்றுகளை எண்ணி, காடிகளில் லெதராய்டு தாளைச் செருகுவார். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு என் விரலைப் பிடித்து ஸ்டேட்டரின் உள்வாயில் வைத்தார். ஓரிடம் மட்டும் வழுவழுவென்று மின்னியது.

"பேரிங் தேஞ்சு ரோட்டார் உரசின தடம், தம்பி. கொஞ்சம் சாஞ்சாப் போதும், சாஞ்ச பக்கமே இழுக்கும்."

முப்பது வருஷம் கழித்து, கணினியில் ரோட்டாரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்த்திப் பார்த்தேன். இடைவெளி குறுகிய பக்கம் புலக்கோடுகள் நெருங்கின. இழுவிசை புலச்செறிவின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகவே நெருங்கிய பக்கம் மேலும் இழுக்கப்படுகிறது. அண்ணாச்சி சொன்னது எண்ணாகவே வந்து நின்றது. எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார முடிந்தது.

கடையில் அன்று புது பேரிங் போட்டு மோட்டாரை ஓடவிட்டதும், அண்ணாச்சி திருப்புளியின் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி, பிடியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். பிடிக்குள்ளே, மழைக்கு முந்தைய வண்டுபோல, ஏறாமல் இறங்காமல் ஒரே ரீங்காரம்.