சார்லி பர்லியின் கால்களைப் பாருங்கள்

குத்துச்சண்டை பார்க்க வருகிறவர்கள் முஷ்டியைப் பார்க்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறவன் காலைப் பார்ப்பான். எந்தக் குத்து விழுந்தது என்று ரசிகர் கணக்கு வைக்கிறார். விழ வேண்டிய குத்து எப்படி விழாமல் போனது என்பதில்தான் என் பிழைப்பே இருக்கிறது. இந்த வித்தியாசத்தாலேயே சில பெரும் வீரர்கள் ரசிகர்களின் நினைவில் ஏறாமல் போய்விட்டார்கள். அவர்களில் நான் முதலில் சொல்லும் பெயர் சார்லி பர்லி.

பிட்ஸ்பர்க் வட்டாரத்துக் கறுப்பினத்தவர், 1917ல் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1936ல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிக்குப் போக மாட்டேன் என்றார். அதற்கு எதிராக பார்சிலோனாவில் ஏற்பாடான மக்கள் ஒலிம்பிக்குக்குத் தேர்வானார்; ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு அதுவும் நின்றுபோனது. தொழில்முறையில் 83 வெற்றி, 12 தோல்வி, 2 சமன். ஒரு தடவைகூட நாக் அவுட் ஆனதில்லை. உலகப் பட்டத்துக்கான பந்தயம் ஒன்றுகூட அவருக்குத் தரப்படவும் இல்லை.

அவர் ஆடி நான் பார்த்த படம் ஒன்றே ஒன்று. 1946ல் ஓக்லாந்து பில்லி ஸ்மித்துடன் மோதியது. மங்கலான கறுப்பு வெள்ளை. ஸ்மித் லைட் ஹெவிவெயிட்; பர்லிக்கோ வெல்ட்டருக்கும் மிடிலுக்கும் இடைப்பட்ட உடம்பு. முகத்தை மறைக்கும் கார்டு அவரிடம் கிடையாது, கைகள் தாழ்ந்தே இருக்கின்றன. என்னிடம் பழகும் பையன் அப்படி நின்றால் அதட்டுவேன். பர்லி நிற்கலாம், ஏனென்றால் அவருடைய கார்டு இடுப்பில் இருக்கிறது. எதிராளியின் ஜாப் புறப்படும்போதே எடை பின்னங்காலுக்குப் போய்விடும், தலை பின்னால் சாயும். குத்து மூக்குக்கு விரற்கடை முன்னால் செத்துவிடும். ஆனால் பாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கேதான் வித்தை. பின்னால் துள்ளி விலகுகிறவன் திருப்பி அடிக்க ஓர் எட்டு உள்ளே வரவேண்டும். அதற்குள் எதிராளி கையை மடக்கிக்கொள்வான். சாய்ந்து விலகுகிறவனுக்குத் தூரம் மாறுவதில்லை. திரும்பி நிமிரும் இடுப்போடு வலது கையும் சேர்ந்து வந்துவிடும். விலகுவதும் அடிப்பதும் ஒரே அசைவு.

குத்து காற்றில் போனால் அடித்தவனுக்கு என்ன ஆகும் என்பது ரிங்கில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். இலக்கில் பட்டால் கை அங்கேயே நிற்கும். படாவிட்டால் தோளும் முழங்கையும்தான் அதை இழுத்து நிறுத்தவேண்டும். நாலைந்து ரவுண்டு இப்படிப் போனால் தோள் கல்லாகக் கனக்கும். அடுத்த குத்தை விடவே மனம் தயங்கும். இந்தத் தயக்கத்துக்கு எந்த நடுவரும் புள்ளி எழுதுவதில்லை, அரங்கும் கைதட்டுவதில்லை.

சக வீரர்களுக்கும் அவர்களுடைய மானேஜர்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் கதவை மூடினார்கள். ஃபிரிட்ஸி ஸிவிக்கை 1938லும் 1939லும் பர்லி தோற்கடித்தார். 1940ல் பட்டத்துக்கு மோதி வெல்ட்டர்வெயிட் சாம்பியன் ஆனவர் ஸிவிக். மிடில்வெயிட்டுக்கு ஏறலாம் என்றால் சாம்பியன் டோனி ஸேல் கடற்படையில் இருந்தார், போர் முடியும்வரை பட்டம் முடங்கிக் கிடந்தது. பர்லியோடு மோதினால் தோற்க வாய்ப்பு அதிகம், வசூல் குறைவு, போதாததற்கு நிறவெறி. 1944 ஏப்ரலில் ஆர்ச்சி மூருடன் மோத ஹாலிவுட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். போனார், மூரைப் பலமுறை தரையில் தள்ளினார், பத்து ரவுண்டில் புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக நெடுங்காலம் நிலைத்த அதே மூர், தான் எதிர்கொண்டவர்களில் பர்லியே சிறந்தவர் என்று சொல்லிவந்தார். மார்சியானோவோடும் முகமது அலியோடும் மோதியவர் சொன்ன வார்த்தை அது. இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

பர்லியை யாராலும் வெல்ல முடியவில்லை என்று நான் சொல்லவில்லை. எஸ்ஸார்ட் சார்லஸ் 1942ல் இரண்டு முறை வென்றிருக்கிறார். அந்தச் சார்லஸுக்கும் அநியாயம்தான் நடந்தது. மூரை மூன்று முறை வென்றும் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பில்லை. ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 1950ல் தன்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான ஜோ லூயிஸை வென்றார். தங்கள் லூயிஸை வீழ்த்தியதற்காகவே ரசிகர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஹோல்மன் வில்லியம்ஸ் இன்னொருவர். சீக்கிரம் காயப்படும் கைகள், அதனால் விலகும் வித்தையிலேயே வாழ்ந்தவர். வேறு யாரும் வராததால் பர்லியும் அவரும் ஏழு முறை தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள்.

ரிங்கை விட்டபின் பர்லி பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். அந்தப் பகுதியில் வளர்ந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ நாயகனிடம் அவர் சாயல் உண்டு. 1992ல் சர்வதேசக் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அதே ஆண்டில் இறந்தார்.

பழைய பந்தயம் எதைப் பார்த்தாலும் முதல் தடவை திரையின் மேல்பாதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். என் மாணவர்களை அப்படித்தான் பார்க்கச் சொல்கிறேன். காலை மட்டும் பார்த்தே யார் ஜெயிக்கிறார் என்று சொல்லவேண்டும். சில வாரத்தில் சொல்லிவிடுகிறார்கள். கண் பழகியபின் லாயிட் மார்ஷலுக்கு வாருங்கள்: 1943ல் சார்லஸை எட்டாவது ரவுண்டில் முடித்தவர், 1944ல் ஜேக் லமோட்டாவை வென்றவர். அவருக்கும் பட்டப் பந்தயம் கிடைக்கவில்லை.