நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி!

மதுரையில் கிளம்பி, திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டியில் வண்டியை மேற்கே திருப்பினா, கரிசல் காடு கூடவே ஓடி வரும். எதிரே நீலமா மலை. அதுதான் பேரையூர்! செமஸ்டர் லீவுக்கு ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தேன். சதுரகிரி ஏறுறதுதான் பிளான். ஆனா, மனசுல தங்கினது அவன் வீட்டுத் திண்ணைதான்.

திண்ணையில் தாத்தா. வயசு எண்பத்தைந்து. ஒரு காலத்துல ஊரறிஞ்ச வேட்டைக்காரர். நம்மாளு மொபைல்ல எந்நேரமும் துப்பாக்கி கேம் ஆடுற ஆசாமி. "தாத்தா, நரி, மான் ரெண்டுக்கும் ஒரே ரைஃபிள்னா எதை எடுப்பீங்க?"ன்னு கொளுத்திப் போட்டான்.

நான் முந்திக்கிட்டேன். இங்கிலாந்துல இந்தக் கேள்விக்கு '.243'ங்கிறதுதான் ரெடிமேட் பதில். 1955-ல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த தோட்டா. நரிக்கு நாலு கிராம் குண்டு, மானுக்கு ஆறரை கிராம் குண்டு. துப்பாக்கி ஒண்ணுதான்! அங்கே பெரிய மான்களைச் சுட குறைஞ்சது .240 அங்குலம் வேணும்னு சட்டமே இருக்கு. அரைகுறையா அடிபட்டு மான் துடிக்கக் கூடாதாம்.

"நமக்கு ஏதுப்பா அதெல்லாம்? .22, இல்லைன்னா இஷாப்பூர் .315" என்றார் தாத்தா. ராணுவத்தோட .303 தோட்டா ஜனங்க கைக்குப் போகக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் தடுத்ததால வந்த அளவு அந்த .315. அதோட குண்டு பதினாறு கிராம். .22-ல ரெண்டரை கிராம்தான்.

"பெருசுல நரியை அடிச்சா தோலும் மிஞ்சாது. சின்னதுல மானை அடிச்சா..." கொஞ்சம் நிறுத்தினார். "அடிச்சிருக்கேன். அறுபத்தெட்டுல. வயித்துல வாங்கிட்டு ஓடிருச்சு. மூணாம் நாள் பருந்து வட்டம் போட்ட பிறகுதான் கண்டுபிடிச்சோம். சினை மான்."

"அதோட விட்டுட்டீங்களா?"

"எங்கே? சட்டம் வந்த பிறகுதான் விட்டேன். நானா விட்டிருக்கணும்."

அந்தச் சட்டம் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுற வழியையும் 1991 திருத்தம் அடைச்சிருச்சு. பக்கத்து சாப்டூர் காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயத்துக்குள்ள வேட்டையாடினா 3 முதல் 7 வருஷம் ஜெயில்!

"அப்ப மக்காச்சோளத்தைப் பன்றி தின்னா, பார்த்துட்டு நிக்கணுமா?" நண்பனுக்கு நியாயமான கோபம். காட்டைவிட்டு மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும்னு 2025 ஜனவரியில் அரசு அறிவிச்சது. அங்கேயும் துப்பாக்கி நம்ம கையில இல்லை பாஸ்! நரியோ வயல் எலியைத் தின்கிற ஜீவன். அதைச் சுட்டா நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ராத்திரி காட்டுப்பக்கம் ஊளைச் சத்தம். நம்மாளு கேமை மூடிட்டு, ரெக்கார்ட் பட்டனைத் தட்டினான். இருட்டுல காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டிருந்த தாத்தா மெதுவா சொன்னார்...

"நாலு இருக்குடா. போன வருஷம் ரெண்டுதான்."