தென்காசியில் ஒரு ஜிமிக்கிப் பூ

ஊட்டியில் எனக்கு 26 வருட உத்தியோகம். குவார்ட்டர்ஸ் வாசலில் ஃபியூஷியா செடி வேலி மாதிரி நின்றது. நாங்கள் வைத்ததல்ல, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் வைத்தது. சிவப்பு இதழ் விரித்து, உள்ளே ஊதாப் பாவாடை கட்டி, தலைகீழாகத் தொங்கும். என் வீட்டுக்காரி அதற்கு வைத்த பெயர் ஜிமிக்கிப் பூ.

ஓய்வு பெற்றதும் தென்காசிக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அவளுக்கு மனமில்லை. லாரியில் சாமான் ஏற்றும்போது, "இந்தச் செடி அங்க வருமா?" என்று மட்டும் கேட்டாள். "வராம என்ன!" என்று சொல்லிவிட்டேன். அதோடு அது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஒரு நர்சரியில், "ஹார்டி வகை சார், எதையும் தாங்கும்" என்று மூன்று கன்று கொடுத்தார்கள். ஹார்டி என்றால் குளிரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், வெயிலை அல்ல. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இவற்றின் மூதாதை தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி, அர்ஜென்டினா பக்கம் வளர்கிற செடி. இங்கிலாந்தில் பனிக்கு மேல்தண்டு கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கட்டும் என்று கன்றை இரண்டு அங்குலம் ஆழமாகப் புதைத்து நடுவார்கள். நானும் புத்தகத்தைப் பார்த்து அப்படியே புதைத்தேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, நம்ம ஊர் 200 மீட்டர்கூட இல்லை. பனிக்குப் பயந்து யாராவது இங்கே புதைப்பானா?

நட்டது ஜூனில். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து கோபுர வாசலில் நம்மைத் தள்ளுகிற காற்றும், குற்றாலச் சாரலும் சேர்ந்ததில் செடிக்கு ஊட்டி என்றே நினைப்பு. ஆகஸ்டில் பூத்தது. தேன்சிட்டுகூட வந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச்சில் பகல் வந்தால் இலை தொங்கியது. தண்ணீர் ஊற்றினேன். மறுபடி தொங்கியது, மறுபடி ஊற்றினேன். ஏப்ரலில் மூன்றும் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. வாடியது சூட்டினால், செத்தது என் தண்ணீரால்.

"அதுக்கு வேர்த்து ஒழுகுது. வேர்க்கிறவங்களுக்கு நிழல் குடுப்பாகளா, கிணத்துல தள்ளுவாகளா?" என்றாள்.

அப்புறம்தான் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். சாரல் ஓயுமுன்னே மூன்று அங்குலக் கொம்பு ஒன்றைக் கணுவுக்குக் கீழே ஒடித்து, மணலில் குத்தி, எனக்குத் தெரியாமல் வேர்விட வைத்திருந்தாள். துவைகல் பக்கத்தில், மாமர நிழலில், காலை வெயில் மட்டும் படுகிற இடம். பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, நடுவில் ஈரமணல். மணல் காய்ந்தால் மணலுக்குத்தான் தண்ணீர். செடிக்கு, விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். கோடையில் மொட்டு வந்தால் கிள்ளிவிடுவாள், பிழைத்துக் கிடந்தால் போதும் என்று. மே மாதம் வெறுங்குச்சியாகத்தான் நின்றது. ஜூன் சாரலில் துளிர்த்தது.

இப்போது வருடாவருடம் சாரல் முடியுமுன் அவள் கொம்பு ஒடித்து வைக்கிறாள். நான் மணல் சலித்துக் கொடுப்பதோடு சரி. தண்ணீர்ச் செம்பைத் தொட எனக்கு உத்தரவில்லை.

போன வாரம் சட்டியைத் தூக்கி வாசல்படியில் வைத்தாள். எண்ணினேன், பதினொரு பூ. சாரல் தூறிக்கொண்டிருந்தது.

"ஊட்டியில இந்நேரம் வேலி பூரா பூத்திருக்கும்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.