இருட்டிய பின் மாட்டுப்பட்டி

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டர். பகலில் மாட்டுப்பட்டி அணைக்கட்டு ஒரு சந்தை: ஸ்பீடு போட்டுகளின் இரைச்சல், அவித்த சோளம், வேன் வேனாக வந்திறங்கும் கூட்டம். மாலையில் படகுத்துறை மூடியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. அருகே விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைப்பது இந்த இரண்டாவது மாட்டுப்பட்டி. 1,700 மீட்டர் உயரக் குளிரில் கம்பளிக்குள் முடங்கியபடி, எதிர்க்கரைப் புல்வெளிக்கு யானை இறங்குமா என்று காத்திருக்கலாம். சில நாள் இறங்கும்.

இந்தோ-சுவிஸ் மாட்டுப் பண்ணையால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். பண்ணை வந்தது 1963ல்தான். அணையே 1950களில்தான் முடிந்தது. அதற்கும் வெகு முன்பு, 1924 வெள்ளம் அடித்துச் செல்லும்வரை ஓடிய குண்டளை ரயிலுக்கு மாட்டுப்பட்டி என்றே ஒரு ஸ்டேஷன் இருந்தது. டாப் ஸ்டேஷன்வரை ரயிலில் போன தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போயின.

இருட்டியதும் சரிவுகளில் வரிசையாகத் தெரியும் விளக்குகள் எல்லாம் ரிசார்ட்டுகள் அல்ல. பல, எஸ்டேட் லயங்கள். அங்கே பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வாரிசுகள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்து, 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்த பிறகே எழுந்தவர்கள் இந்த எஸ்டேட் பெண்கள். வீடு மட்டும் கைக்கு வரவில்லை. விடுதியில் ஏரி தெரியும் அறைக்கு மவுசு அதிகம். லயத்து வாசலிலிருந்து அதே மலையும் மூடுபனியும் தெரிகின்றன, ரிடையராகும் நாள்வரை. குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.