கான்

கூடலூர்ப் பக்கம் எங்களைப் போன்ற குடும்பங்களில் தேயிலைக்காட்டு வடிகாலைக் கான் என்றுதான் சொல்வோம். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் தகரப்பெட்டியோடு கொண்டுவந்த சொல். நல்ல கான் நேராக இறங்காது. சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வில் தண்ணீரை நடத்திக்கொண்டு போகும். நடுநடுவே குழி விட்டால் மண் அதில் தங்கும். மழை முடிந்ததும் அள்ளிச் செடி மூட்டில் போடலாம். தாத்தாவுக்கு இது கைவந்த வேலை.

ஆனால் எல்லாக் கானும் ஓடையில்தான் போய் முடியும். எங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கும் ஓடையை என் சின்ன வயதில் தாண்டிக் குதித்திருக்கிறேன். இப்போது பாலம் இல்லாமல் கடக்க முடியாது.

ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை கிட்டத்தட்ட 64 மடங்காகும். இன்ஜினியரிங்கில் பரீட்சைக்காகப் படித்த கணக்கு. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வாரம் கூடலூரும் தப்பவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த 64 எனக்கு உறைத்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், மண் பெருமளவு நிற்கும்.

குறைக்க வழி உண்டு. கரையில் நெருக்கமாக வெட்டிவேர் நட வேண்டும். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும், மேலே இருக்கும் புல் தண்ணீரைத் தடுத்து மெதுவாக விடும். ஆனால் வேர் பிடிக்கும்வரை ஆடு மாடு இளந்தளிரைக் கடிக்காமல், கரையை மிதிக்காமல் இருக்கணும். அதற்குத்தான் வேலி.

வேலின்னு சொன்னா எங்க ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது யானை. இது அந்த வேலி இல்லை. கரண்ட் வேண்டாம், முள்கம்பி வேண்டாம். கல்யாண முருங்கைக் கம்புகளை ஊன்றி மூங்கில் பட்டை கட்டினால் போதும். யானை வந்தால் தள்ளிவிட்டுப் போகட்டும், திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் எதிர்க்கரையில். நம் பக்கம் மட்டும் நட்டால் தண்ணீர் அந்தப் பக்கத்தை அறுக்கும். அது ஒரு பெரியவரின் நிலம். போய்ப் பேசினேன்.

"பட்டாவே இல்லாத மண்ணுக்கு வேர் எதுக்கு தம்பி?"

பதில் சொல்ல முடியவில்லை. 1969இல் வந்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாமலே தலைமுறைகள் போன இடம் இது. நாளைக்கு யாருடையது என்று தெரியாத நிலத்தில், பலன் தெரிய மூன்று மழைக்காலம் ஆகும் புல்லை எந்த நம்பிக்கையில் நடுவது?

மண் பட்டா கேட்பதில்லை. இந்த வட்டாரத்துத் தண்ணீரில் ஒரு பங்கு மாயாற்றில் விழுந்து பவானி வழியாகக் காவிரிக்கும், இன்னொரு பங்கு பாண்டியாறு வழியாகக் கேரளத்துச் சாலியாற்றுக்கும் போகிறது. போன மண்ணை எந்தத் தீர்ப்பும் மேலே கொண்டுவராது. இதைத்தான் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லாமல்.

அவர் கொஞ்ச நேரம் ஓடையையே பார்த்தார். "மாடு தண்ணி குடிக்க ஒரு வழி விட்டுருவியா?"

விடலாம். அந்த இடத்தில் மட்டும் கல் பாவினால் கரை இடியாது. தூர்களை ஜூன் மழைக்கு நடுவதாக முடிவு. கல் அவர் தருகிறேன் என்றிருக்கிறார்.